ஆலோசகர் என்பவர் அமானிதம் சுமப்பவர்

   தனிமையிலும் கூட்டத்திலும் அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தம் அண்ணனுடன் மதரஸா அலுவலகத்திற்கு வந்தார். கணவர் வளைகுடாவில் ஓட்டுநராக இருக்கிறார். பள்ளிக்கூடம் செல்லும் இரண்டு பிள்ளைகள். அவருடைய அனுமதியைப் பெற்றே இதைச் சொல்கிறேன். பெயரையும் தெருவையும் நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் துருவித் துருவி ஆராய வேண்டாம். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னைத் திகைக்க வைத்தது. "ஹஜ்ரத், என் கட்டிலுக்கு அடியில் 14 பெட்டிச் சரக்கு கிடக்கிறது. அதை விற்றால் ஹராமா, விற்காமல் வைத்திருந்தால் ஹராமா?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றில் அவர் சேர்ந்திருக்கிறார். சத்துமாவு, முகப்பூச்சு, பாத்திரம் துலக்கும் திரவம் போன்ற சரக்குகள். அவருக்கு ஓர் அட்டை அடித்துக் கொடுத்தார்கள். அதில் அவர் பெயருக்குக் கீழே 'ஆலோசகர்' என்று அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு மாத இறுதியிலும் குறிப்பிட்ட தொகைக்கு வியாபாரம் காட்டினால்தான் அவருடைய படிநிலை நிற்கும். குறைந்தால் கீழே இறங்கிவிடும், கழிவும் குறைந்துவிடும். ஆள் கிடைக்காத மாதங்களில் குறைந்த தொகைக்குத் தாமே சரக்கை வாங்கிப் போட்டார். அந்தச் சரக்குதான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதற்காக ஐந்து பவுன் அடகுக் கடையில் இருக்கிறது. கணவருக்கு இன்னும் தெரியாது. முன்பெல்லாம் வாரம் ஒருமுறை வந்துபோகும் நாத்தனார், இப்போது பெருநாளைக்குக்கூட வருவதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னார்: "அன்றைக்குக் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள் ஹஜ்ரத். அதனால்தான் எங்கள் அத்தாவும் சரி என்றார்."

அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். இன்று நான் பேசப் போவது பிறருக்காக மட்டுமன்று என்பதை மட்டும் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அருமைத் தாய்மார்களே! பெண் வீட்டிலிருந்து வியாபாரம் செய்வதையோ, பிறர் சரக்கை விற்றுக் கழிவு வாங்குவதையோ தடுப்பதற்காக நான் இந்த மிம்பரில் ஏறவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்திற்குக் கொண்டு சென்று விற்றுக் கொடுத்தார்கள். சரக்குக்கு உரிமையாளர் ஒரு பெண்மணி. விற்றுக் கொடுத்தவர், பின்னர் இறைத்தூதரானவர். மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர அன்ஸாரித் தோழர் முன்வந்தபோது, அவர்கள் துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தலைநிமிர்ந்தார்கள். தரகுக் கூலி வாங்குவதில் தவறில்லை என்று இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம் நகஈ, ஹஸன் பஸரீ (ரஹ்) ஆகியோர் கருதியதை இமாம் புகாரி அவர்கள் அதற்கெனத் தனிப் பாடமே அமைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து அத்தர் விற்ற ஒரு பெண்மணியின் செய்தி இப்னு ஸஃதுடைய தபகாத்தில் வருகிறது. அபூஜஹ்லின் தாயாரான அஸ்மா பின்த் முகர்ரிபா அவர்கள்தாம் அவர். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் மதீனாவில் இருந்தார்கள். மற்றொரு மகனார் யமனிலிருந்து அத்தர் அனுப்புவார். அதை அன்ஸாரிப் பெண்கள் வீடு தேடி வந்து வாங்குவார்கள். அரசு உதவித்தொகை வரும்போது பணம் தருவதாகக் கணக்கில் எழுதி வைப்பார்கள். ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் வாங்க வந்தபோது, அவருடைய தந்தை பத்ரில் அபூஜஹ்லை வெட்டியவர்களுள் ஒருவர் என்ற பழைய பேச்சு எழுந்தது. வார்த்தை தடித்தது. இனி உனக்கு விற்க மாட்டேன் என்றார் அவர். உன் அத்தர் நன்றாகவே இல்லை, இனி நானும் வாங்க மாட்டேன் என்றார் இவர். பல காலம் கழித்து ருபைய்யிஉ (ரலி) அவர்களே உண்மையை ஒப்புக்கொண்டார்கள்: அதைவிட நல்ல அத்தரைத் தாம் முகர்ந்ததே இல்லையாம், கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டார்களாம்.

சரக்கைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதை எவ்வளவு காலம் நெஞ்சில் வைத்திருந்து வெளியிட்டார்கள் பாருங்கள்! அதுவும் வாங்க வந்தவர் சொன்ன வார்த்தை. விற்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இன்றைய நேரடி விற்பனையும் ஏறக்குறைய இப்படி வாசனைத் திரவியத்திலிருந்து கிளம்பியதே. அமெரிக்காவில் வீடு வீடாகப் புத்தகம் விற்று வந்த டேவிட் மெக்கானல் என்பவர், புத்தகத்தோடு இலவசமாகக் கொடுத்த வாசனை மாதிரிகளையே பெண்கள் அதிகம் விரும்புவதைக் கண்டு, 1886இல் வாசனைத் திரவிய நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் ஏவான் ஆயிற்று. பெண்களைக் கொண்டே பெண்களுக்கு விற்றார். அந்நியர் வாசலோடு நின்றுவிடுவார். தெரிந்தவர் அடுப்பங்கரை வரை வருவார். இந்தத் தொழிலின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. கடையில் சரக்கை நம்பி வாங்குகிறோம். இங்கே ஆளை நம்பி வாங்குகிறோம்.

பெயர் மாறியது, பொறுப்பு?

மதீனாவின் கடைவீதியில் வியாபாரிகளுக்கு அந்நாளில் 'ஸமாஸிரா' என்று பெயர். தரகர்கள் என்பது பொருள். நபி (ஸல்) அவர்கள் அங்கு வந்தபோது அதைவிட அழகான பெயரால், 'துஜ்ஜார்' என்று, வணிகர்களே என்று அவர்களை அழைத்தார்கள். கைஸ் பின் அபீ ஃகரஸா (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது பதிவாகியுள்ளது. நல்ல பெயர் கொடுத்தார்கள் அல்லவா? அதோடு நிறுத்தவில்லை. வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால், அத்துடன் தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு ஏவினார்கள். பெயர் உயர்ந்தபோது கூடவே ஒரு கடமையும் வந்தது.

இன்று விற்பவருக்கு 'கன்சல்டன்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகு ஆலோசகர், ஆரோக்கிய ஆலோசகர், ஊட்டச்சத்து ஆலோசகர். விற்பனையாளர் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதற்காகச் சூட்டிய பெயரோ என்னவோ, அறியேன். ஆனால் அந்தப் பெயருக்கு நம் ஷரீஅத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்று நபி (ஸல்) அவர்கள் அருளியதை அபூதாவூத், திர்மிதீ முதலான நூல்களில் காண்கிறோம். கடைக்காரரிடம் சென்று, இந்தச் சோப்பு என்ன விலை என்று கேட்டால் அவர் விலையைச் சொன்னால் போதும். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அங்கே கேட்கப்படுவது வேறு. "எனக்கு எது நல்லது? நீ சொல்" என்று அந்தப் பெண் தன் முடிவையே உங்கள் கையில் தருகிறாள். நகையைக் கையில் கொடுத்து வைத்திரு என்று சொல்வதைப் போன்றது அது.

அப்படியானால் அந்த ஆலோசகர் மீது என்ன கடமையாகிறது? இந்தச் சரக்கில் தமக்குக் கழிவு உண்டு என்பதை முதலில் சொல்ல வேண்டும். 'உன் நன்மைக்காகவே வந்தேன்' என்று மட்டும் சொல்லிக் கழிவை மறைப்பது அமானிதத்தில் செய்யும் கலப்படம். இதே தரத்தில் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்குமென்று தெரிந்திருந்தால், கேட்கும்போது அதை மறைக்கக் கூடாது. அவருக்குத் தேவையில்லை என்று பட்டால், "உனக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் துணிவு வேண்டும். இவ்வளவும் சொன்னால் வியாபாரம் நடக்குமா என்று கேட்கிறீர்கள். நம் ஊரிலேயே வீட்டில் வைத்துப் பாத்திரமும் துணியும் விற்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். "போன மாசம்தானே வாங்கினே, இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும், போ" என்று திருப்பி அனுப்புவார். அவர் வாசலில் செருப்பு குறைந்து நான் பார்த்ததில்லை.

ஜரீர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் வாக்குக் கொடுத்தவர்கள். அந்த வாக்குக்குப் பின், எதை விற்றாலும் அதன் குறையை முதலில் எடுத்துக் காட்டிவிட்டு, இப்போது விரும்பினால் எடுங்கள், இல்லையேல் விடுங்கள் என்பார்களாம். இப்படிச் சொன்னால் எதுவும் விற்காதே என்று பிறர் கேட்டதற்கு, அந்த வாக்கையே பதிலாகச் சொன்னார்கள். இமாம் ஃகஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தின் ஒழுங்குகளைச் சொல்லும் பகுதியில் இதை எழுதுகிறார்கள். அதே இடத்தில் பஸராவின் துணி வியாபாரி யூனுஸ் பின் உபைத் (ரஹ்) அவர்களையும் குறிப்பிடுகிறார்கள். ஒருவர் பட்டுத்துணி கேட்டு வந்தார். பணியாள் துணியை எடுத்து விரித்துப் பார்த்தவன், அதன் அழகில் மயங்கி, யா அல்லாஹ் எங்களுக்குச் சொர்க்கத்தைத் தா என்று துஆக் கேட்டுவிட்டான். யூனுஸ் அவர்கள் துணியை மடித்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்கள். விற்கவில்லை. அந்தத் துஆ மறைமுகமாகச் சரக்கைப் புகழ்ந்ததாக ஆகிவிடுமோ என்ற அச்சம்!

நாம் எங்கே இருக்கிறோம்? கூட்டத்தின் தொடக்கத்தில் கிராஅத் ஓதி, ஸலவாத்துச் சொல்லி, 'இது சுன்னத்தான தொழில்' என்று முன்னுரை வழங்கி, பிறகு சத்துமாவு விற்கிறோம். பேசுபவர் தாம் வாங்கிய காரின் படத்தைக் காட்டி, மேடையில் நின்று சத்தியமும் செய்கிறார். சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தைத் துடைத்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி ஷரீஃபில் ஓதி வந்தவர்கள்தாம் நாங்களும்.

நான் அமர்ந்திருந்த நாற்காலி

இப்போது அந்தக் கூட்டம். என்னுடன் மதரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தார். குடும்ப நலன் குறித்து ஒரு சிறு கூட்டம், நம் மண்டபத்தில் ஒரு மணி நேரம் இடம் வேண்டும் என்றார். எதைப் பற்றி என்று நான் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். பழைய நட்பு, கேட்கவில்லை. முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். துஆ ஓதச் சொன்னார்கள், ஓதினேன். பிறகு திரையில் முக்கோணப் படம் போட்டு, உங்களுக்குக் கீழே இத்தனை பேர், அவர்களுக்குக் கீழே இத்தனை பேர் என்று பேசத் தொடங்கினார்கள். எழுந்து போயிருக்கலாம். நண்பர் மனம் நோகுமே என்று உட்கார்ந்தே இருந்தேன். நிறுவனத்தைப் புகழ்ந்து ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சகோதரியின் அத்தாவுக்கு என் பேச்சு தேவைப்படவே இல்லை. நான் இருந்ததே அவருக்குப் போதுமான ஆலோசனையாக ஆகிவிட்டது.

புறப்படும்போது நண்பர் ஒரு பெட்டியை நீட்டினார். விலை அதிகம் என்று மனம் சொன்னது. முகத்துக்கு அஞ்சி வாங்கினேன். ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனம் ஒப்பினாலன்றிப் பிறருக்கு ஆகுமாகாது என்ற கருத்தில் முஸ்னத் அஹ்மத் முதலான நூல்களில் நபிமொழி வந்துள்ளது. வெட்கத்தைக் கருவியாக்கி வாங்கிய பணம் பறித்த பணத்தைப் போன்றதென நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹுகள் எழுதியிருக்கிறார்கள். உடலில் சாட்டையால் அடித்து வாங்குவதும், வெட்கம் என்னும் சாட்டையால் உள்ளத்தில் அடித்து வாங்குவதும் அல்லாஹ்விடத்தில் ஒன்றே என்பது இமாம் ஃகஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் விளக்கம். நாத்தனார் ஏன் வருவதில்லை என்பது இப்போது விளங்குகிறதா? முதல்முறை மதினி முகத்துக்காக வாங்கினார். இரண்டாம் முறையும் வாங்கினார். மூன்றாம் முறை வாங்குவதற்குப் பதிலாக வருவதை நிறுத்திவிட்டார். திருமண வீட்டில் ஸலாம் சொன்னால்கூட, பைக்குள் கை போகிறதா என்று பார்க்கும் நிலை வந்துவிட்டது. சொந்தபந்தத்தைச் சேர்ந்து வாழுமாறு அல்லாஹ் கட்டளையிட்டிருக்க, அந்தச் சொந்தத்தையே சரக்கு விற்கும் சந்தையாக்கிக்கொண்டால் எஞ்சுவது என்ன?

இதைவிட எனக்குக் கவலை தருவது மருந்து. ஊட்டச்சத்து ஆலோசகர் என்ற அட்டையோடு வருபவர், இந்த மாவைக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கிவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமே தடுத்திருக்கிறது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் விளையும் சேதத்திற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் நபிமொழி உண்டு. இங்கே பொறுப்பு என்பது நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவதன்று. தாய்மார்களே, மருத்துவர் கொடுத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தச் சொல்பவர் உங்கள் சொந்தத் தங்கையாக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆறு பேர் கணக்கு

இனிச் சங்கிலித் தொடருக்கு வருவோம். பொருளை விற்றுக் கழிவு வாங்குவது வேறு, ஆளைச் சேர்த்துப் பணம் வாங்குவது வேறு. இரண்டும் ஒரே அட்டையில், ஒரே கூட்டத்தில், ஒரே இனிப்போடு வருவதால் மக்கள் மயங்குகிறார்கள். மண்டபத்தில் காட்டிய படத்தில் ஒருவருக்குக் கீழே ஆறு பேர். வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன்; நீங்களும் பிள்ளைகளை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் 36. அவர்கள் சேர்த்தால் 216. பிறகு 1,296, 7,776, 46,656. பத்தாவது படியில் மட்டும் 6 கோடியே 4 இலட்சம் பேர் நிற்பார்கள். முதல் படியிலிருந்து அதுவரை கூட்டினால் 7 கோடியே 25 இலட்சம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7 கோடியே 21 இலட்சம்! தொட்டில் குழந்தையும் சேர்ந்துவிட்டது, இனி யாரைச் சேர்ப்பது? பதிமூன்றாம் படிக்குப் போனால் உலகத்திலேயே ஆள் போதாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தப் படியில் சங்கிலி நின்றாலும், சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. மேலே இருப்பவர் வாங்கும் கார் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? அவர்கள் மனமொப்பிக் கொடுத்தார்களே என்பார்கள். சூதாட்டக்காரனும் மனமொப்பித்தான் பணம் வைக்கிறான். ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்ணலாகாது, பரஸ்பரத் திருப்தியோடு கூடிய வியாபாரமே ஆகும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் விதிக்கிறது. திருப்தி மட்டும் இருந்தால் போதாது, அது வியாபாரமாகவும் இருக்க வேண்டும்.

இதில் உலமாக்களின் கருத்து என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சூடானின் ஃபிக்ஹு பேரவை 2003இலும், சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு 2004இலும் இத்தகைய சங்கிலித் தொடர் விற்பனை ஆகாது என்று தீர்ப்பளித்தன. சவூதிக் குழு கண்ட காரணங்கள்: சேருபவரின் நோக்கம் கழிவே, பொருள் அதற்கு ஒரு திரை; சிறு தொகையைக் கொடுத்துப் பெருந்தொகையை எதிர்பார்ப்பதால் வட்டியின் சாயல்; ஆள் கிடைப்பார்களா என்று தெரியாததால் 'ஃகரர்' எனும் நிச்சயமின்மை; மக்களை ஏமாற்றுதல். இந்தோனேசிய உலமா சபை 2009இல் வேறு வழியில் சென்றது. பன்னிரண்டு நிபந்தனைகளோடு அனுமதித்தது. பொருள் உண்மையானதாக இருக்க வேண்டும், விலையை அளவு கடந்து ஏற்றக் கூடாது, உழைக்காமல் சும்மா இருந்து கழிவு வாங்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. அவர்கள் அனுமதித்துவிட்டார்கள் என்று ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவரிடம், அந்தப் பன்னிரண்டையும் காட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஒரு சோதனையே போதும்: கீழே ஆள் சேர்ப்பதை இன்றோடு நிறுத்தினால் இந்தப் பொருளை இந்த விலைக்கு எவராவது வாங்குவார்களா? வாங்குவார்கள் என்றால் அங்கே வியாபாரம் இருக்கிறது. கழிவு நீங்கள் செய்த விற்பனைக்கு உரியதாக இருக்கட்டும்.

நாட்டின் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1978லேயே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியான நேரடி விற்பனை விதிகள், நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடு திட்டம் நடத்துவதையும் அதில் ஆள் சேர்ப்பதையும் தடுக்கின்றன. விற்பவர் அடையாள அட்டை இல்லாமலும், முன்னரே அனுமதி பெறாமலும் ஒருவர் வீட்டுக்குச் செல்லலாகாது. பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையுமாறு அந்நூர் அத்தியாயத்தில் கற்ற நமக்கு இது புதிதா? இன்னும் நான்கு பேரை வாங்கச் செய்தால் உங்கள் பணம் திரும்பிவிடும் என்று ஆசை காட்டி விற்பதற்கும் அந்த விதிகளில் இடமில்லை. நம் சகோதரியிடம் முதல் நாள் சொன்னது ஏறக்குறைய இதே வாசகம்தான்.

ஹலாலான முறையில் இத்தொழிலைச் செய்ய விரும்புவோர் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சரக்கை உங்களுக்கென வாங்கி விற்கிறீர்களா, அல்லது நிறுவனத்தின் சார்பில் விற்றுக் கொடுக்கிறீர்களா? வாங்கி விற்பவர் சரக்கைக் கைப்பற்றிய பிறகே விற்க வேண்டும். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பட்டியலைக் காட்டிச் சொந்தப் பெயரில் விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு நிறுவனத்தில் கிடைக்கிறதா என்று தேடுவது இதில் வந்து சேரும். சார்பாளராக விற்பவர் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்; கழிவு எவ்வளவு என்பது முன்கூட்டியே நிர்ணயமாகியிருக்க வேண்டும். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்த ஒரு தோழருக்கு, ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லி வாங்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் சில அறிவிப்புகளில் வருகிறது. ஒப்பந்தம் செய்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதமின்றி விலகிக்கொள்ளும் அவகாசத்தை இன்றைய விதிகளும் கொடுத்திருக்கின்றன. கையெழுத்திடும் முன் அது எத்தனை நாள் என்று படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுங்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கு நிஸாபை எட்டி ஓர் ஆண்டு நிறைந்தால் அதற்கு ஜகாத்தும் உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். 14 பெட்டிகளையும் அவருடைய அண்ணன் எங்கள் முன்னிலையில் பிரித்தார். காலாவதித் தேதி கடந்தவை நான்கு. அவற்றை விற்பது ஹராம், அழித்துவிடச் சொன்னேன். நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தேதி நெருங்கியவை மூன்று. தேதியைக் காட்டி, விலையைக் குறைத்து, உறவுக்கு வெளியே விற்கலாம். மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். மறுத்தால் நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்லலாம். நம் ஜமாஅத்தில் வழக்கறிஞர் இருக்கிறார். அவர் தம் கீழே சேர்த்த ஐந்து பெண்களின் வீடுகளுக்கும் போய், தாம் முன்பு சொன்னதில் எது உண்மை, எது மிகை என்று சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். அதற்குத்தான் அவர் நெடுநேரம் அழுதார். கணவரிடம் அன்றிரவே சொல்லிவிடுவதாக அண்ணன் முன்னிலையில் ஒப்புக்கொண்டார், சொல்லியும்விட்டார். கோபித்தாராம், பிறகு, நகை போனால் போகட்டும், நீ கலங்காதே என்றாராம். நாத்தனார் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை கையில் எந்தப் பையும் இல்லாமல் போகப் போகிறார்.

அவர் அந்த ஐந்து வீடுகளுக்குப் போக வேண்டுமென்றால், நானும் போக வேண்டிய வீடுகள் இருக்கின்றன. அன்று மண்டபத்தில் நான் முன்வரிசையில் இருந்ததைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் யாரேனும் இருந்தால், இன்று மஃரிபுக்குப் பின் மதரஸா அலுவலகத்திற்கு வாருங்கள். வர இயலாத தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன். ரசீது, ஒப்பந்தத் தாள், மீதமிருக்கும் சரக்கு எதுவாயினும் கொண்டு வாருங்கள். வழக்கறிஞரும் இருப்பார். அந்த நண்பருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன்; வருவதாகச் சொல்லியிருக்கிறார்.